யாருடைய குழந்தை எழுதுகிறது? – பள்ளி எழுத்துப் பட்டறைகள் குறித்துச் சில குறிப்புகள்

பள்ளிக்கூடங்களுக்குச் சிறார் எழுத்தாளர்களை அழைத்து, பிள்ளைகளை எழுத வைக்கும் பட்டறைகள் தமிழ்நாட்டில் இன்று பரவலாகிவிட்டன. இது திடீரென்று முளைத்ததல்ல. 1987இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ இதழைத் தொடங்கிய காலத்திலிருந்தே, தொண்ணூறுகளின் அறிவொளி அனுபவங்களிலிருந்தே, இதற்கான மண் தயாராகி வந்திருக்கிறது. 2021இல் சிறார் எழுத்தாளர்களும் கலைஞர்களும் தமக்கென ஒரு சங்கம் கண்டனர். 2022இல் பள்ளிக் கல்வித் துறை ‘ஊஞ்சல்’, ‘தேன்சிட்டு’ என்ற இதழ்களை அரசுப் பள்ளி மாணவர்களுக்காகக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு வாசிப்பு இயக்கம் வந்தது. ‘நுழை, நட, ஓடு, பற’ என்ற படிநிலைகளில் மெலிந்த சின்னச் சின்னப் புத்தகங்கள் வகுப்பறைகளுக்குள் போயின. பாடநூல் தவிர வேறு அச்சுத்தாளைத் தொட்டறியாத பிள்ளைகளின் கையில் கதைப் புத்தகம் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதைக் குறைத்து மதிப்பிட எனக்கு உத்தேசமில்லை.

ஆனால் ஒரு செயல்பாடு நல்லது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டபின் அதுபற்றிய விமர்சனம் நின்றுபோகிறது. செம்பாக்கம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் இத்தகைய அமர்வுகள் சிலவற்றில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்ததிலிருந்தும், பிள்ளைகள் எழுதிய தாள்களைப் படித்ததிலிருந்தும் எழுந்த கேள்விகளே இவை. எந்தப் பள்ளி, எந்த எழுத்தாளர் என்பது இங்கு முக்கியமில்லை. எங்கும் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது என்பதுதான் முக்கியம்.

செம்பாக்கத்தில் பட்டறை என்றால் தலைப்புக்கு அலைய வேண்டாம். ஏரி இருக்கிறது. சுமார் நூறு ஏக்கர் ஏரி. நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீர் வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போய்ச் சேரும் ஏரிச் சங்கிலியில் ஒரு கண்ணி. கிராமமாக இருந்து, பேரூராட்சியாகி, நகராட்சியாகி, 2021இல் தாம்பரம் மாநகராட்சிக்குள் கரைந்துபோன ஊர் இது. இத்தனை பெயர் மாற்றங்களுக்கும் ஊடாக, சாக்கடையும் குப்பையும் வாங்கிக்கொண்டு கிடந்தது ஏரி. அண்மை ஆண்டுகளில் தன்னார்வ அமைப்புகளும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து சீரமைப்பு வேலை செய்திருக்கின்றன. ஆக, எழுத்தாளர் கேட்கிறார்: “ஏரி பேசினா என்ன பேசும்? எழுதுங்க பாப்போம்.”

பிள்ளைகள் எழுதுகிறார்கள். நாற்பது தாள்களில் முப்பத்தைந்தாவது இப்படித்தான் இருக்கும்: நான் ஒரு காலத்தில் அழகாக இருந்தேன், பறவைகள் வந்தன, மனிதர்கள் என்மேல் குப்பை கொட்டினார்கள், வீடு கட்டினார்கள், நான் அழுகிறேன், மனிதர்களே என்னைக் காப்பாற்றுங்கள். எழுத்துப்பிழை தவிர இந்தத் தாள்களுக்குள் வித்தியாசம் கிடையாது. எழுத்தாளருக்கு மகிழ்ச்சி. தலைமையாசிரியருக்கு இரட்டை மகிழ்ச்சி. சுற்றுச்சூழல் விழிப்புணர்வும் வந்துவிட்டது, இலக்கியமும் வந்துவிட்டது.

இதில் கற்பனை எங்கே இருக்கிறது? ‘ஒரு மரத்தின் தன்வரலாறு’, ‘நான் ஒரு பேனா பேசுகிறேன்’ என்று தமிழ்ப் பாடத்தில் தலைமுறை தலைமுறையாக எழுத வைக்கிறோமே, அதே கட்டுரைதான். அஃறிணைக்கு வாய் கொடுத்து, அதன் வாயில் பெரியவர்களின் அறவுரையைத் திணிப்பது. பட்டறை அதை மறுபடி எழுத வைத்துப் படைப்பு என்று பேர் வைக்கிறது.

இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று அந்தக் கதைக்குள் இருக்கிறது. ‘ஏரிக்குள் வீடு கட்டிய மனிதர்கள்’ யார்? தென்சென்னைப் புறநகரில் ஏரிப் புறம்போக்கிலும் வாய்க்கால் ஓரத்திலும் வசிக்கிறவர்களின் பிள்ளைகள்தான் அரசுப் பள்ளி வகுப்பில் கணிசமாக உட்கார்ந்திருக்கிறார்கள். கழிவுநீர் லாரி ஓட்டுகிறவரின் மகனும் அங்கேதான் இருக்கிறான். ஏரியின் வாயால் எழுதச் சொல்லும்போது அந்தப் பையன் தன் அப்பாவை வில்லனாக்கி எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறான். நல்லாவே எழுதுகிறான். கைதட்டல் வாங்குகிறான். பட்டா வாங்கி, அடுக்குமாடி கட்டி, அதன் கழிவையெல்லாம் ஏரிக்கு அனுப்புகிறவர்கள் அந்தக் கதையில் வருவதில்லை. அவர்களை ஏரி பார்க்காது போலும். 2025 மே மாதத்தில் இதே மாநகராட்சிக்குள் இருக்கும் அனகாபுத்தூரில் அடையாற்றங்கரை வீடுகள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் பெரும்பாக்கம், கீரப்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்டன. பள்ளி திறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்பு. ஆறு பேசினால் என்ன பேசும் என்று அந்தப் பிள்ளைகளிடம் போய்க் கேட்க முடியுமா?

இங்கே ஒரு கோட்பாட்டுப் பிரச்சினையைத் தொட்டுச் செல்ல வேண்டும். ஜாக்குலின் ரோஸ் 1984இல் பீட்டர் பேன் கதையை முன்வைத்து எழுதிய நூலில், குழந்தை இலக்கியம் என்பதே சாத்தியமற்ற ஒன்று என்று வாதிட்டார். எழுதுகிறவர் பெரியவர், வாங்கித் தருகிறவர் பெரியவர். நடுவில் இருக்கும் ‘குழந்தை’ பெரியவர்கள் தமக்குத் தேவைப்பட்டபடி கட்டிக்கொண்ட ஒன்று என்பது அவருடைய வாதத்தின் சாரம். முழுவதும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பட்டறைக்கு இது இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. கதைப் புத்தகத்தில் இந்தக் கட்டிவைத்த குழந்தையைப் பிள்ளைகள் படிக்க மட்டும் செய்கிறார்கள், பிடிக்கலேன்னா மூடிவைக்கலாம். பட்டறையிலோ அந்தக் குழந்தையாகவே ஆகி எழுத வேண்டியிருக்கிறது.

நம்முடைய மரபில் இந்தக் குழந்தைக்கு ஒரு வரலாறு உண்டு. 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவானது. அழ. வள்ளியப்பா அதன் மைய விசையாக இருந்தார். அவருடைய பாடல்களின் ஓசை நயத்தை மறுப்பவர் யாருமில்லை, நாமெல்லாம் அவற்றைப் பாடி வளர்ந்தவர்கள்தாம். ஆனால் அந்தத் தலைமுறை உருவாக்கிய குழந்தை கீழ்ப்படிகிற, துறுதுறுப்பான, சாதியில்லாத, பசியில்லாத குழந்தை. புதிதாக விடுதலையடைந்த தேசத்துக்கு அப்படியொரு குழந்தை தேவைப்பட்டது. அந்தச் சங்கம் குழந்தைகளுக்காக எழுதும் பெரியவர்களை வளர்த்தெடுத்தது. குழந்தையே எழுதினால் என்ன ஆகும் என்ற கேள்வி அங்கு பின்னுக்கே இருந்தது.

இன்றைய சிறார் எழுத்து அந்தக் குழந்தையைக் கலைத்துப் போட்டிருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பேசிய யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020க்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. பள்ளிப் பிள்ளைகள் கையில் கட்டும் சாதிக் கயிற்றை எடுத்துக்கொண்டு விஷ்ணுபுரம் சரவணன் ‘கயிறு’ என்றே ஒரு கதை எழுதினார். அவருடைய ‘ஒற்றைச் சிறகு ஓவியா’ 2025இல் அதே விருதைப் பெற்றது. எழுத்தில் இவ்வளவு தூரம் வந்தாகிவிட்டது. பட்டறையில் மட்டும் ஏன் ஏரி இன்னும் அழுதுகொண்டிருக்கிறது?

காரணம் எளிது. பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். ஒரு பெரியவர் கேள்வி கேட்டால் அவருக்கு எந்தப் பதில் வேண்டும் என்று கண்டுபிடிப்பதில் பத்து வருடப் பயிற்சி பெற்றவர்கள். பள்ளிக்கூடம் என்பதே அந்தப் பயிற்சிதானே. சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு, தரையில் சம்மணமிட்டு, “என்னை சார்னு கூப்பிடாதீங்க, மாமான்னு கூப்பிடுங்க” என்று எழுத்தாளர் சொல்லலாம். சுவரில் அட்டவணை தொங்குகிறது, வாசலில் வகுப்பாசிரியர் நிற்கிறார், எழுதிய தாளை அவர்தான் வாங்கி அடுக்கப் போகிறார். மாமா முறை வைத்ததாலே இடம் மாறிவிடாது.

மொழி விஷயம் இன்னும் சிக்கலானது. ‘பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்றுக’ என்பது நம் தேர்வுத்தாளின் நிரந்தர வினா. வீட்டில் பேசுவது தவறு, அதைத் திருத்தினால் மதிப்பெண் என்பதுதான் அந்த வினா சொல்லித்தரும் பாடம். செம்பாக்கத்து வகுப்பில் ‘இட்டுகினு வந்தாங்கோ’ என்று பேசும் பிள்ளையும், தெற்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்தின் ‘வந்தாக, போனாக’ பிள்ளையும், வீட்டில் தெலுங்கோ இந்தியோ பேசும் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள். எழுதச் சொன்னதும் எல்லோரும் ஒரே மொழிக்கு மாறிவிடுகிறார்கள். ‘ஒரு அழகிய கிராமம் இருந்தது. அதில் ராமு என்ற சிறுவன் வாழ்ந்து வந்தான்.’ கிராமத்தைப் பார்த்தே இராத பிள்ளை எழுதுகிறது இதை. எழுத்துத் தமிழுக்குள் நுழைந்தவுடன் வேளச்சேரி சாலையும், டேங்கர் லாரியும், கேம்ப் ரோடு நெரிசலும் காணாமல் போய்விடுகின்றன. மொழி மாறும்போது இடமும் மாறிவிடுகிறது.

பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தபோது நம்மில் பலருக்கு ஏற்பட்ட அதிர்ச்சி நினைவிருக்கும். அதில் ஏழாம் வகுப்புச் சிறுமிமேல் பள்ளித் தேங்காயைத் திருடியதாகப் பழி விழுகிறது. அந்த அவமானத்தைச் செந்தமிழில் எழுதியிருந்தால் அது ஒரு நீதிக்கதையாக முடிந்திருக்கும். எந்த மொழியில் அவமதிக்கப்பட்டாரோ அந்த மொழியிலேயே எழுதியதால்தான் அது நிற்கிறது. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதியே போட்டார். இவ்வளவு நடந்தபின்னும் பள்ளித் தாளில் பேச்சுமொழிக்கு மேற்கோள்குறிக்குள் மட்டுமே அனுமதி. பாட்டியும் காய்கறி விற்கிறவரும் வட்டார வழக்கில் பேசலாம். கதை சொல்லும் குரல் மட்டும் சுத்தமாக இருந்தாக வேண்டும். இதே விதியைப் பல சிறார் எழுத்தாளர்களே தங்கள் கதைகளில் கடைப்பிடிக்கிறார்கள் என்பதால் பட்டறையில் அதை மீறச் சொல்ல அவர்களிடம் முன்மாதிரி இல்லை.

பட்டறைகளில் இப்போது அதிகம் புழங்கும் உத்தி ஒன்று உண்டு. சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைக் கொடுத்துக் கதை கட்டச் சொல்வது. இதன் மூலவர் இத்தாலியச் சிறார் எழுத்தாளர் ஜானி ரோதாரி. கம்யூனிஸ்ட் இதழாளர், 1970இல் ஆண்டர்சன் விருது பெற்றவர். 1972 மார்ச்சில் ரெஜ்ஜோ எமீலியா நகரில் ஆசிரியர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து பேசினார். அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது ‘கற்பனையின் இலக்கணம்’ என்ற நூல், 1973இல். நாய், அலமாரி என்ற இரண்டு சொற்களை வைத்து அவர் காட்டும் வித்தை பிரசித்தம். ஆனால் நம்மூருக்கு வந்து சேர்ந்தது வித்தை மட்டும். பிழை பற்றி ரோதாரி கொண்டிருந்த பார்வை வந்து சேரவில்லை. 1964இலேயே பிழைகளை வைத்து ஒரு நூல் செய்தவர் அவர். பிள்ளை தவறாக எழுதிய ஒரு சொல்லுக்குள் புதிய கதை ஒளிந்திருக்கலாம், உலகத்தில் இருக்கும் பிழைகள் நோட்டில் இருக்கும் பிழைகளைவிடப் பெரியவை என்பது அவர் எடுத்த நிலை. ஒற்றுமிகும் இடம் மிகா இடம் என்று சிவப்பு மையோடு அலையும் நம் சூழலுக்கு நாயையும் அலமாரியையும்விட இதுவே அவசரத் தேவை.

ரோதாரிக்குச் சில ஆண்டுகள் முன்னால், அதே நாட்டில், ஃபிளாரன்ஸுக்கு வடக்கே பார்பியானா என்ற மலைக்குக்கிராமத்தில் வேறொன்று நடந்தது. பாதிரியார் லொரென்சோ மிலானி நடத்திய பள்ளியில், அரசுப் பள்ளியால் தோற்கடிக்கப்பட்ட விவசாயிகளின் பிள்ளைகள் எட்டுப் பேர் சேர்ந்து ஓர் ஆசிரியைக்குக் கடிதம் எழுதினார்கள். 1967இல் அது புத்தகமாக வந்தது. தமிழில் ‘எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க?’ என்று கிடைக்கிறது. நம் ஆசிரிய இயக்கத் தோழர்கள் அதைக் கல்வி பற்றிய நூலாகவே படித்திருக்கிறார்கள். எழுதும் முறை பற்றி அதில் வரும் பகுதியைப் பேசியவர்கள் குறைவு.

அந்தப் பிள்ளைகள் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வார்கள். தோன்றியதையெல்லாம் தனித்தனித் தாளில், ஒரு பக்கம் மட்டும் எழுதுவார்கள். ஒருநாள் எல்லாத் தாளையும் பெரிய மேசையில் பரப்பி, ஒன்றுபோல் இருப்பதை நீக்கி, தொடர்புள்ளதைக் குவியலாக்கி, குவியலை அத்தியாயமாக்கி, கத்தரியும் பசையும் வைத்து வரிசை மாற்றி ஒட்டுவார்கள். பிறகு வேண்டாத சொல், நீண்ட வாக்கியம், கடினச் சொல், பொய் ஆகியவற்றை யார் முதலில் கண்டுபிடித்து வெட்டுவது என்று போட்டி. கவனியுங்கள், வெட்ட வேண்டியவற்றின் பட்டியலில் பொய்யும் இருக்கிறது. அழகுக் குறைவு அங்கே குற்றமில்லை. இந்த வேலைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் ஏறக்குறைய ஓர் ஆண்டு. நாம் காலை பத்தரைக்கு ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் கதையை முடித்து, நான்கு மணிக்குச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறோம்.

தமிழில் இதற்கு அருகில் வரக்கூடிய முயற்சி பெருமாள்முருகன் தொகுத்த ‘சாதியும் நானும்’ (2013). நாமக்கல்லில் அவர் நடத்திவந்த கூடு ஆய்வுச் சந்திப்பின் வழியாக, மாணவர்கள் உள்ளிட்ட 32 பேர் தங்கள் சாதி அனுபவத்தை எழுதினார்கள். பள்ளி வயதைத் தாண்டியவர்கள் என்றாலும் அவர்கள் எழுதியதில் பெரும்பகுதி பள்ளிப் பருவத்து நினைவுதான். ‘படைப்பு’ எழுது என்று அவர்களிடம் கேட்டிருந்தால் நிலாவும் மழையும் வந்திருக்கும். உனக்கு நடந்ததைச் சொல் என்று கேட்டதால் வேறு வந்தது. இத்தனைக்கும் அங்கே கேட்டவர் ஓர் ஆசிரியர், அதுவும் அரசுக் கல்லூரி ஆசிரியர். ஆகவே வகுப்பறைக்குள் இது முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம்.

இதுவரை படித்த தோழர்கள் ‘ஆமா, பிள்ளைங்க யதார்த்தத்தை எழுதணும்’ என்று தலையாட்டக்கூடும். அங்கேதான் எனக்கு இரண்டு தடைகள் இருக்கின்றன.

முதலாவது, டிராகன் பற்றி எழுத ஆசைப்படும் பிள்ளையிடம் போய் உன் சேரியை எழுது, உன் புறம்போக்கை எழுது என்று கேட்பதும் இன்னொரு அதிகாரம்தான். அடுக்குமாடிப் பிள்ளைக்கு மாயாஜாலம், குடிசைப் பிள்ளைக்கு யதார்த்தம் என்று பங்கு பிரிப்பது அசிங்கம். முற்போக்குப் பட்டறைகளில் வரும் ‘சாதி ஒழிக’ கவிதைகள் ஏரிக் கட்டுரையைப் போலவே ஒரே அச்சில் வார்த்தவை. அங்கேயும் பிள்ளை மாமாவின் முகத்தைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறது.

இரண்டாவது தடை இன்னும் கனமானது. உண்மையை எழுது என்று சொல்வது எழுத்தாளருக்குச் சுலபம். மாலையில் பஸ் ஏறி அவர் போய்விடுவார். எழுதிய பிள்ளை மறுநாள் அதே வகுப்புக்கு வர வேண்டும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் என்ன நடந்தது? சக மாணவர்களின் சாதியத் துன்புறுத்தலைப் பற்றிப் பள்ளியில் முறையிட்ட தலித் மாணவன் அன்று இரவே வீடு புகுந்து வெட்டப்பட்டான், தடுக்க வந்த தங்கையும் வெட்டப்பட்டாள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகளைத் தடைசெய்வது அதன் பரிந்துரைகளில் ஒன்று. சொன்னதற்கே வெட்டு விழுகிற இடத்தில், எழுதிய தாள் என்பது சாட்சியம். ‘கருக்கு’ வந்தபின் சில மாதங்கள் சொந்த ஊருக்குள் போக முடியாமல் இருந்ததைப் பாமா சொல்லியிருக்கிறார். அவர் வளர்ந்தவர், வேலையில் இருந்தவர். எட்டாம் வகுப்புப் பிள்ளை எங்கே போகும்?

அதேபோல் ஒரு பெண்பிள்ளை தன் வீட்டில் நடக்கும் பாலியல் தொல்லையைக் கதையாக எழுதிவிட்டால்? நடக்கக்கூடியதுதான். கதை என்ற போர்வை அதற்குத்தான் உதவுகிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, அத்தகைய குற்றம் நடந்திருப்பதாக அறியவரும் எவரும் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும், தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. ‘நல்லா எழுதியிருக்கே கண்ணு’ என்று சொல்லி நகர முடியாது. பட்டறை நடத்தப் போகும் எழுத்தாளர்களில் எத்தனை பேர் இதைப் பற்றி முன்கூட்டியே யோசித்துப் போகிறார்கள்? 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைக் கரும்பலகை ஓரத்தில் எழுதிவைக்கும் பழக்கமாவது இருக்கிறதா?

ஆகவே எனக்குப்படுவது, சிறார் எழுத்தாளர் பள்ளிக்குள் கொண்டுபோக வேண்டிய முதல் சரக்கு உத்தியோ உற்சாகமோ இல்லை. அந்தத் தாள் யாருக்குச் சொந்தம் என்பது குறித்த ஒரு ஒப்பந்தம். எழுதிய தாளைப் பிள்ளை தானே வைத்துக்கொள்ளலாம், கிழித்துப் போடலாம், காட்டாமல் இருக்கலாம், பேர் போடாமல் கொடுக்கலாம், இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எழுதலாம் என்பதைத் தலைமையாசிரியரிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு உள்ளே நுழைய வேண்டும். அவரிடம் அதைப் பேசும் மதிப்பு, விருது பெற்ற எழுத்தாளருக்கு இருக்கிறது, வகுப்பாசிரியைக்கு இருப்பதில்லை. விருதை அதற்குப் பயன்படுத்தட்டும். பார்பியானாப் புத்தகத்தின் அட்டையில் எட்டுப் பேரில் ஒருவர் பெயரும் கிடையாது, ஆசிரியர் ‘பார்பியானா பள்ளி’தான். நாம் அதை அடக்கம் என்று புரிந்துகொள்கிறோம். கூட்டுப் பெயர் ஒரு கவசமும்கூட. புதுக்கோட்டை அறிவொளி பற்றி பிரான்சிஸ் கோடி எழுதிய ஆய்வு நூலில் (2013), புதிதாகக் கையெழுத்துப் போடக் கற்ற பெண்கள் கூட்டாக மனு எழுதிக்கொண்டு கலெக்டர் அலுவலகம் போவதைப் பார்க்கிறோம். ஒற்றைக் கையெழுத்துக்கு இல்லாத பலம் அங்கே எப்படி வந்தது என்று யோசிக்கலாம். நம் பட்டறைகளோ தனித்தனிப் பேர், வகுப்பு, பிரிவு, புகைப்படம், முதல் பரிசு, இரண்டாம் பரிசு என்று போகின்றன. போட்டியும் ரகசியமும் ஒரே தாளில் இருக்க முடியாது.

அடுத்தது வாசகர். திருத்துகிறவரைத் தவிர வேறு வாசகரே இல்லாத எழுத்து தேர்வுத்தாளாகத்தான் இருக்கும், எத்தனை வண்ணக் காகிதத்தில் எழுதினாலும். பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே 1924இல் தன் கிராமப் பள்ளிக்கு ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கிப் போட்டார். பிள்ளைகள் விரும்பியதை எழுதி, எதை அச்சிடலாம் என்று அவர்களே வாக்கெடுத்து, கூடி உட்கார்ந்து செப்பனிட்டு, எழுத்துக் கோத்து, வேறு ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். அங்கிருந்து பதில் வந்தது. தன்னைப் போன்ற இன்னொரு பிள்ளைக்குப் புரியணுமே என்பதற்காக ஒரு பிள்ளை தன் வாக்கியத்தைத் திருத்துவதும், மார்க்குக்காகத் திருத்துவதும் ஒன்றல்ல.

செம்பாக்கத்தில் இதற்கு அச்சு இயந்திரம்கூட வேண்டாம். பள்ளி அலுவலகத்தில் ஜெராக்ஸ் இருக்கிறது. ஏரிக்கரையில் இருக்கும் பிள்ளைகள், ஆற்றங்கரையிலிருந்து கீரப்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளிடம் என்ன கேட்பார்கள்? ‘அங்க தண்ணி வருதா, லிஃப்ட் வேல செய்யுதா, பழைய ஸ்கூலுக்கே போறியா’ என்று ஆரம்பிக்கலாம். எந்த எழுத்தாளரும் கொடுத்த தலைப்பாக அது இருக்காது. அவர் செய்ய வேண்டியது கவரை ஒட்டாமல் வாங்கிப் படித்துவிடாமல், தபால் பெட்டி வரைக்கும் கூடப் போவது. பதில் வரும் வரை அந்தப் பள்ளிக்கு மறுபடி மறுபடி வருவதும்தான். ஒரு நாள் மதிப்பூதியத்தில் அது அடங்காது என்பதால், அழைக்கிற பள்ளிகளோடும் துறையோடும் அதையும் பேசித்தான் தீர வேண்டும்.